போடலாமோ?

ஏஜாக்ஸ், கனடா
17 செப்ரெம்பர் 2023

மச்சாள் கிருசாந்திக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலைமை இப்போது நம் இருவருக்கும் இல்லை. விசாரிக்காமல் விட்டால் உம்முடைய புருசன், என் அண்ணா, என்னைத்தான் ஏசுவார். ஆகவே கேட்கிறேன், நலமா?

நான் ஆசையாக அனுப்பிய றைஸ் குக்கர், தைப்பூசத்தன்று உங்கள் குசினியில் வெடித்து அண்ணாவின் கையைச் சுட்டதில் எனக்கும் கவலைதான். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு அழைத்தேன். நீர் "உன்ர கள்ளச் சாமானை இனி இஞ்ச அனுப்பாதை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர். சின்ன வயதிலிருந்து என்னை "நீர்" என்று கூப்பிட்ட வாய் அன்றைக்கு "நீ" என்றது. கையில் சுட்ட புண் ஆறியிருக்கும், இது ஏழு மாதமாக ஆறவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. போன கிழமை சிற்றம்பலம் மாமா ஊரிலிருந்து இங்கே தன் மகளிடம் வந்து இறங்கினார். அண்ணா கொடுத்துவிட்டதாக ஒரு பொதி தந்தார். பழைய சாரத் துணியில் சுற்றி, உள்ளே ஒரு கிறைண்டர். இங்கத்தைய மெசினில் சம்பல் அரைபடுவதில்லை, அடியில் கூழாகி மேலே தேங்காய் பூவாகவே நிற்கிறது என்று ஒருநாள் அண்ணாவிடம் சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்து அனுப்பியிருக்கிறார்.

கழுவித் துடைத்து, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் உப்பும் போட்டு, அதன் மூன்று ஊசிப் பிளக்கை ஒரு அடப்டரில் செருகிச் சுவரில் மாட்டினேன். அது அரைக்கவில்லை, முனகியது. நினைவிருக்கிறதா, கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டோமே? நீர் சுற்றினால் செய்தி தெளிவாக வரும். என் முறை வந்தால் செய்தி வாசிப்பவருக்கே காய்ச்சல் வந்ததுபோல இருக்கும். அதே முனகல். என் புருசன் அனோஜன் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்.

விமானத்தில் வந்ததில் அதற்கு ஏதும் ஆகிவிட்டதா? அண்ணாவைக் கேட்டால் மனம் நொந்துபோவார். கிளிநொச்சியில் வயரிங் படித்துச் சான்றிதழ் வைத்திருப்பது நீர். பதிலைக் கொப்பியில் எழுதிப் படம் பிடித்து அனுப்பும். அழைக்க வேண்டாம். அழைத்தால் நான் வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன், நீரும் சொல்லுவீர். எழுதினால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம்.

நிரோஜா


முரசுமோட்டை
24 செப்ரெம்பர் 2023

மச்சாள் நிரோஜாவுக்கு,

என் குசினியிலிருந்து கிறைண்டர் காணாமல் போய் ஐந்து கிழமை. உம்முடைய அண்ணாவைக் கேட்டேன். "திருத்தக் குடுத்திருக்கு" என்றார். "திருத்திறவள் வீட்டிலை இருக்க, ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?" என்றேன். "பரந்தனிலை ஒராள்" என்றார். அந்தப் பரந்தன் கனடாவில் இருக்கிறது என்று உம்முடைய கடிதத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன். ஐந்து கிழமையாக அம்மியில் அரைக்கிறேன். அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும், திருப்பி அனுப்ப வேண்டாம்.

அதற்கு ஒரு நோயும் இல்லை. பசி. எங்கள் சுவரில் வருவது இருநூற்று முப்பது வோல்ற். உங்கள் சுவரில் நூற்றிருபது. பாதிச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வேலை செய் என்றால் முனகாமல் என்ன செய்யும்? அடப்டர் என்பது ஊசியின் வடிவத்தை மாற்றும், கரண்டை மாற்றாது. இதை நான் இந்த ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. உம்முடைய போன் சார்ஜர் இரண்டு நாட்டிலும் வேலை செய்கிறதே என்று கேட்பீர். சார்ஜரில் சின்ன எழுத்தில் நூறிலிருந்து இருநூற்று நாற்பது வரை என்று போட்டிருக்கும். அது எங்கேயும் பிழைக்கும். கிறைண்டரைக் கவிழ்த்து அடியைப் பாரும். அதில் ஒரே ஒரு எண்தான் இருக்கும். எந்தச் சாமானையும் செருக முதல் அடியைப் பார்க்க வேணும். இப்போதைக்கு அதை அலுமாரிக்குள் வையும்.

கை ஆறியிருக்கும் என்று எழுதியிருக்கிறீர். தோல் ஆறிவிட்டது. வலக்கையில் மூன்று விரல் நிமிராது. மண்வெட்டியை இடக்கையால் பிடிக்கப் பழகிவிட்டார். இன்னொன்றும் இருக்கிறது, அதை அவர் உமக்குச் சொல்லியிருக்க மாட்டார். அன்றைக்குப் பிறகு அவர் ஒரு சுவிச்சையும் தொடுவதில்லை. நான் வேலை முடிந்து வரப் பொழுதுபட்டுவிடும். வந்து பார்த்தால் வீடு இருட்டாக இருக்கும். அவர் வாசலில் கதிரையைப் போட்டு, நான் வந்து லைற் போடும்வரை அப்படியே இருப்பார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுக் கொடுக்கிறவளின் புருசன்.

உம்முடைய குக்கர் செய்த வேலை.

கிருசாந்தி


ஏஜாக்ஸ்
8 ஒக்ரோபர் 2023

மச்சாள்,

உம்முடைய கடிதத்தைக் குளியலறைக்குள் போய் இருந்து வாசித்தேன். அண்ணா இருட்டில் இருக்கிறார் என்பதை எட்டு மாதமாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவருடன் கதைக்கிறேன். "கை சுகம், வயல் சுகம், கிருசாந்தி சுகம்" என்பார். அவ்வளவுதான். நான் அனுப்பிய சாமானால் என் அண்ணா இருட்டில் இருக்கிறார். இதற்கு மேல் நீர் என்னை ஏசத் தேவையில்லை, நானே ஏசிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு புதினம் கேளும். நான் கிறைண்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன். நீர் சொன்ன எண் இருக்கிறது, இருநூற்று முப்பது. அதை அனோஜனுக்குக் காட்டினேன். அவர் என்னை நிலக்கீழ் அறைக்குக் கூட்டிப்போய், உடுப்புக் காயவைக்கும் மெசினை இழுத்து அதன் பின்னால் ரோர்ச் அடித்தார். அங்கே சுவரில் நான் கண்டிராத ஒரு பெரிய சொக்கற். "இதுக்குள்ளை வாறது இருநூற்று நாப்பது. உங்கட ஊர்க் கரண்ட்" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏழு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். குளிர், பனி, மொழி என்று எல்லாமே வேறு நாடு. இந்தச் சுவருக்குள் எங்கள் ஊர்க் கரண்ட் இவ்வளவு காலமும் ஒரு சத்தமும் போடாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! நான் குனிந்து அந்தச் சொக்கற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அனோஜன் பயந்துபோய் "என்ன, கும்பிடப் போறீரோ?" என்று கேட்டார்.

எறிந்த மெசின் ஒன்றின் தடித்த வயர் இருக்கிறதாம். அதை வெட்டிக் கிறைண்டரின் வயரோடு முறுக்கி ரேப் சுற்றிவிட்டால் சரி என்கிறார். வருகிற சனிக்கிழமை செய்வோம். மெசினின் மேலேயே கிறைண்டரை வைத்து அரைக்கலாம்.

என் குக்கர் பழுதான சாமான் என்று சான்றிதழ்காரி நீரே சொல்லிவிட்டீர், ஏற்றுக்கொள்கிறேன். அண்ணா அனுப்பியது நல்ல சாமான். நல்ல சாமானுக்குச் சரியான கரண்ட் கிடைத்தால் பயம் என்ன? சம்பல் அரைத்து, படம் பிடித்து அண்ணாவுக்கு அனுப்பினால் அவருக்குக் கொஞ்சம் மனம் தேறாதா?

போடலாமோ? ஓம் என்று ஒரு சொல் எழுதும், போதும்.

நிரோஜா


முரசுமோட்டை
10 ஒக்ரோபர் 2023

நிரோஜா,

செய்யாதேயும். இந்த ஒரு சொல்லை முதலில் அனோஜனுக்கு வாசித்துக் காட்டும். மிச்சத்தைத் தனியே இருந்து வாசியும்.

நேற்றிலிருந்து பதினொரு தரம் அழைத்தேன். நீர் எடுக்கவில்லை. நல்லதுதான். எடுத்திருந்தால் செய்யாதேயும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்திருப்பேன்.

அந்தப் பெரிய சொக்கற்றில் பிழை வந்தால் கரண்டை வெட்டும் பிறேக்கர், முப்பது அம்பியருக்கு மேல் இழுத்தால்தான் விழும். கிறைண்டரின் வயர் உம்முடைய காதுத் தோட்டின் தண்டு அளவுதான். ஏதும் பிழைத்தால் வயர் உருகித் தீப்பிடிக்கும், பிறேக்கர் ஒன்றும் தெரியாததுபோல நிற்கும். அடுத்தது, எங்கள் வீடுகளில் ஒரு கம்பியில்தான் உயிர், மற்றது திரும்பிப் போகும் வழி. உங்கள் அந்தச் சொக்கற்றில் இரண்டு கம்பியிலும் உயிர். கிறைண்டரின் சுவிச் ஒன்றைத்தான் வெட்டும். நீர் நிற்பாட்டிவிட்டேன் என்று நினைத்து ஈரக் கையோடு தொடுவீர், உள்ளே மற்றக் கம்பி உயிரோடு இருக்கும்.

இது எனக்கும் முன்பு தெரியாது. நேற்று முழுக்கத் தேடி, எனக்குப் படிப்பித்த ஆசிரியரையும் கேட்டு விளங்கிக்கொண்டேன். விளங்கியதும் கதிரையில் இருந்துவிட்டேன். இரண்டு கம்பியிலும் வருவது அதே நூற்றிருபதுதான். பள்ளிக்கூட முற்றத்தில் நானும் நீரும் ஏறி இறங்கிய பலகைபோல, ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருநூற்று நாற்பது பிறக்கிறது. ஒரு நொடிக்குள் அறுபது தரம் இப்படி ஏறி இறங்குகிறதாம். பதினொரு வருடம் இந்த வேலை செய்தும் இப்படி ஒன்று உலகத்தில் இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். நீர் அதன் முன்னால் குனிந்து நின்றதில் பிழையில்லை. தூர நின்று கும்பிடும்.

இனி, சொல்ல வேண்டியது.

உம்முடைய குக்கரில் பழுது இல்லை. பிழை என்னுடையது.

தைப்பூசத்தன்று முதல் கதிர் அறுத்துப் புதிர் எடுத்து, வயலின் புது நெல்லரிசியை முற்றத்தில் பானையில் பொங்கிப் படைத்தோம். மத்தியானச் சோற்றைக் கனடாக் குக்கரில் போடுவோம் என்று வந்த சனமெல்லாம் குசினி வாசலில் நின்றது. நான் குக்கரைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. கனடாவில் நூற்றிருபது என்பது எனக்குத் தெரியும், நிரோஜா. படித்தவள் நான். பொறுங்கோ, பார்த்துவிட்டுப் போடுவோம் என்று சொல்லியிருக்க வேணும். ஆனால் இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்க, வயரிங் கிருசாந்திக்கு ஒரு குக்கர் போடத் தெரியாதாம் என்று ஆகிவிடுமே என்று வெட்கம் வந்தது. இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் எங்கேயும் வேலை செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உம்முடைய அண்ணா சுவிச்சில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சேரும், போடலாமோ?"

"ஓம், போடுங்கோ."

போட்டார். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. சோதனைக்குப் பாடமாக்கிய கணக்கு. அன்றைக்கு என் கண்ணுக்கு முன்னால் அது நடந்தது. வயர் இளகிப் புகைந்தது, அவர் அதைக் கையால் பிடித்து இழுத்தார், உருகிய பிளாஸ்ரிக் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டபோது "கனடாச் சாமான் வெடிச்சிட்டுது" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்றைக்கு வரைக்கும் ஒருவரிடமும் அதை மறுத்ததில்லை.

அந்தப் பொய்யை உம்முடைய தலையில் கட்டிவிட்டு உம்மோடு கோபமாகவும் இருந்தேன். கோபம் விட்டால் பொய் வெளியே வந்துவிடும் என்று பயம். நீர் கடைசியில் "போடலாமோ" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் போனை எடுத்து உமக்கு அழைக்கத் தொடங்கினேன். இன்னொரு தரம் என் சொல்லை நம்பி ஒருவர் கையை வைக்கக் கூடாது.

ஊருக்கு நீர் சொன்னாலும் சரி, நான் சொல்லவேணும் என்றாலும் சரி. சனிக்கிழமை மட்டும் செய்யாதேயும்.

கிருசாந்தி


ஏஜாக்ஸ்
29 ஒக்ரோபர் 2023

மச்சாள்,

உம்முடைய கடிதம் வந்தபோது அனோஜன் சனிக்கிழமை வரை பொறுக்காமல் கிறைண்டரின் பிளக்கை வெட்டிவிட்டார். முறுக்கத் தொடங்க முதல் நான் படியில் நின்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்து, கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

பத்தொன்பது நாள் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். எட்டு மாதம் ஊரில் என்னைப் பற்றி என்ன கதைத்திருப்பார்கள்! எழுதி எழுதிக் கிழித்தேன். நீர் வாசித்திருந்தால் இந்த ஜென்மத்தில் எனக்குப் பதில் போட்டிருக்க மாட்டீர்.

போன ஞாயிறு அனோஜனின் ஆட்கள் எங்களை நயாகராவுக்குக் கூட்டிப் போனார்கள். நான் இங்கே வந்து இத்தனை வருடத்தில் பார்த்திருக்கவில்லை. மச்சாள், அதை எப்படி எழுதுவது? கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலுக்குக் கீழே நிலம் அதிர்கிறது. தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கூப்பிடுவது கேட்காது. முகமெல்லாம் தூவானம். அந்த ஆற்றின் ஒரு பங்கைப் பாறைக்குள்ளால் திருப்பிக் கரண்ட் எடுக்கிறார்கள் என்று அனோஜன் காதுக்குள் கத்திச் சொன்னார். அது கம்பி வழியே வந்து என் வீட்டுச் சுவருக்குள் நிற்கிறதா? நான் சம்பல் அரைப்பதற்காகவா? எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்ததை நான் ஏன் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று இருந்தது.

அந்தப் பசைத் தடம் நான் செய்த வேலை.

குக்கர் புதிது இல்லை. பழைய சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். அந்த மாதம் அனோஜனுக்கு வேலை இல்லை. அடியில் கடைக்காரர் பெரிய மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தார். நீர் எதையும் கவிழ்த்துப் பார்க்கிறவர், பார்த்தால் பழஞ்சாமான் என்று கண்டுபிடித்துவிடுவீர் என்று, சுடுதண்ணீர் ஊற்றி நகத்தால் சுரண்டினேன். அதனோடு வெள்ளி நிற லேபிளும் சேர்ந்து வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் வாசிக்கக்கூட இல்லை. அடப்டர் ஒன்றையும் நானே உள்ளே வைத்தேன், ஊரில் வேலை செய்யட்டும் என்று. நீர் "கள்ளச் சாமான்" என்றபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்ததே, அது பாதி உண்மை என்பதால்தான்.

நான் சுரண்டியிருக்காவிட்டால் நீர் அந்த எண்ணைப் பார்த்திருப்பீர். பார்த்திருந்தால் ஓம் என்று சொல்லியிருக்க மாட்டீர். ஆகவே ஊருக்கு யார் சொல்வது என்ற கதையை விடும். அண்ணாவுக்கு மட்டும் சொல்லும், இரண்டையும்.

குக்கரை எறிந்துவிட்டீரா?

நிரோஜா


முரசுமோட்டை
21 டிசம்பர் 2023

அன்புள்ள மச்சாள்,

மழை தொடங்கியதிலிருந்து எழுத முடியவில்லை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள். எங்கள் பள்ளக் காணி முழுக்கத் தண்ணீர், மேட்டுத் துண்டு தப்பிவிட்டது. வீட்டுப் படி வரை வந்ததும் நான் மெயின் சுவிச்சை விழுத்திவிட்டு, ஒழுங்கை முழுக்க ஒவ்வொரு வீடாகப் போய் விழுத்தினேன். வெள்ளம் வற்றிய பிறகு நானும் உம்முடைய அண்ணாவும் குளக்கட்டுக்குப் போனோம். கதவு வழியே தண்ணீர் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்தபோது நீர் நயாகராவைப் பற்றி எழுதியது நினைவு வந்தது. அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இரைச்சலில்தான் எனக்குத் துணிவு வந்தது. இரண்டையும் சொன்னேன், உம்முடையதையும் என்னுடையதையும்.

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்கு அண்டைக்கே தெரியும். நீர் குக்கரைக் கவிட்டுப் பாத்ததையும் கண்டனான். உம்மட முகம் மாறினதையும் கண்டனான்."

"அப்ப ஏன் போட்டனீங்கள்?"

"நீர் ஓம் எண்டனீர்."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கிறைண்டருக்கு வருவோம். வெட்டிய வயரை ஒட்ட வேண்டாம். அங்கத்தைய மின்வேலை அனுமதி உள்ள ஒருவரிடம் கொடுத்துப் புது வயரும் பிளக்கும் போடுவியும். பிறகு நூற்றிருபதை இருநூற்று முப்பதாக ஏற்றித் தரும் ரான்ஸ்போமர் ஒன்று வாங்கும். கிறைண்டரில் ஐந்நூறு வாற்ஸ் என்று இருக்கிறது, தொடங்கும்போது கூட இழுக்கும், ஆகவே ஆயிரத்துக்குக் குறைந்ததை வாங்காதேயும். மூன்றாவது ஊசி, அதுதான் ஏர்த், உள்ளதா என்று பாரும். உங்கள் நாட்டுப் பாதுகாப்பு முத்திரை இல்லாததை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதேயும். தண்ணீர்க் குழாய்க்குத் தூர வையும், மேலே துணி போட்டு மூடாதேயும், ஒரேயடியாக நெடுநேரம் ஓட்டாதேயும், அரைத்து முடிந்ததும் ரான்ஸ்போமரையும் சுவரிலிருந்து கழற்றும். அங்கே நொடிக்கு அறுபது, இங்கே ஐம்பது, அதை ரான்ஸ்போமர் மாற்றாது. இந்தக் கிறைண்டருக்கு அதனால் பாதகம் இல்லை. உழுந்து அரைக்கும் கல் கிறைண்டர் அனுப்பச் சொல்லி மட்டும் அண்ணாவைக் கேட்காதேயும். அது அங்கே வேகம் கூடிச் சூடேறும். அதோடு எனக்கு உள்ளதும் அது ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்து சைக்கிள் டைனமோ நல்லாய்ச் சுற்றினால் மூன்று வாற்ஸ் தரும். இந்தக் கிறைண்டர் சுற்ற ஐந்நூறு வேணும். நூற்றி அறுபத்தேழு பேர் ஒரே நேரத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சுற்ற வேணும், மச்சாள், உமக்கு ஒரு பிடி சம்பலுக்கு. எங்கள் ஒழுங்கையும் அடுத்த ஒழுங்கையும் சேர்ந்தாலும் ஆள் காணாது. நான் இருபது வயது வரை சொக்கற் உள்ள வீட்டில் இருந்ததில்லை. இப்போது ஒரு விரலால் அத்தனை பேரையும் கூப்பிடுகிறோம், அவர்களும் வந்துவிடுகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு வேலையின் நடுவிலும் சில நேரம் கை நின்றுவிடும்.

குக்கரை எறியவில்லை. பரணில் கிடந்ததை இறக்கி வைத்திருக்கிறேன்.

கிருசாந்தி


ஏஜாக்ஸ்
15 ஜனவரி 2024, பொங்கல்

அன்புள்ள மச்சாள்,

வெளியே முழங்கால் அளவு பனி. அடுப்பில்தான் பொங்கினோம். பிறகு சம்பல்.

நீர் சொன்னபடியே எல்லாம். வயர் போட்டுத் தந்தவருக்கு உம்முடைய கடிதத்தை நான் இங்கிலிசில் சொல்லச் சொல்ல, அவர் "இதை எழுதினது ஆர்?" என்று கேட்டார். என் மச்சாள் என்றேன். உம்மைத் தன்னோடு வேலைக்கு வரச் சொன்னார், இதோ சொல்லிவிட்டேன். ரான்ஸ்போமர் ஒரு செங்கல் அளவுதான், ஆனால் தூக்கினால் இடுப்பு பிடிக்கும். அனோஜன் குக்கரைப் பற்றிய கதையைக் கேட்ட நாளிலிருந்து எதை வாங்கினாலும் கடையிலேயே கவிழ்த்துப் பார்க்கிறார். நேற்று ஒரு பூசணிக்காயைக் கவிழ்த்துப் பார்த்தார்.

சுவிச்சைத் திருப்ப முதல் எனக்குப் பயம் வந்தது. நூற்றி அறுபத்தேழு பேரை நினைத்தேன். எங்கள் முற்றத்தில், வரம்பில், பாடசாலை மதிலோரம், எல்லோரும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் காத்திருக்கிறார்கள். முன்வரிசையில் நீர். திருப்பினேன். மச்சாள், அது உறுமியது! முனகவில்லை, உங்கள் குசினியில் உறுமுவதுபோலவே உறுமியது. நான் கையை எடுக்க மறந்து நின்றேன். மூடியைத் திறக்கச் செத்தல் மிளகாய் மணம் வீடு முழுக்க எழும்பி, அனோஜன் இருமிக்கொண்டு ஓடினார்.

அதன் பக்கவாட்டில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறேன்: "இருநூற்று முப்பது. சுவரில் நேரே செருகாதேயும்." ஒட்டும்போது நான் சுரண்டிய அந்த லேபிளை நினைத்துக்கொண்டேன்.

அண்ணா இன்னும் இருட்டில்தானா?

நிரோஜா


முரசுமோட்டை
26 ஜனவரி 2024

அன்புள்ள மச்சாள்,

நேற்றுத் தைப்பூசம். மேட்டுத் துண்டில் தப்பிய நெல்லில் புதிர் எடுத்தோம். பானையில் பொங்கிப் படைத்த பிறகு, போன வருடம் போலவே சனம் குசினி வாசலில் வந்து நின்றது. நான் பரணிலிருந்து இறக்கிய குக்கரை மேசையில் வைத்ததும் முன்னால் நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

ஒரு மாதமாக அதைத் திருத்தினேன். உள்ளே எரிந்த தகட்டைக் கழற்றி, எங்கள் கரண்டுக்கு உள்ள தகடு போட்டு, புதுப் பியூஸ், தடித்த வயர், ஏர்த்தோடு மூன்று ஊசிப் பிளக். வெளியில் கொட்டிலில் வைத்து ஆறு தரம் தண்ணீர் கொதிக்க வைத்துச் சோதித்தேன். அவர் தூர நின்று பார்த்தார், கிட்ட வரவில்லை.

எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "போன வருசம் நடந்தது நிரோஜாவின்ர பிழை இல்லை. அடியிலை லேபிள் இல்லாததைக் கண்டும் நான்தான் போடச் சொன்னனான்." நீர் சுரண்டிய கதையைச் சொல்லவில்லை. அது நமக்குள் இருக்கட்டும். சனம் கொஞ்சம் முணுமுணுத்தது. ஜெகதீஸ்வரி மாமி மட்டும் "சரி, இப்ப சோறு வேகுமோ, வேகாதோ?" என்று கேட்டா.

குக்கரைக் கவிழ்த்து அவருக்குக் காட்டினேன். பசைத் தடம் இருந்த இடத்தில் புது லேபிள், என் கையெழுத்து: "230 வோல்ற். திருத்தியவர் கிருசாந்தி." அவர் அதை எழுத்துக் கூட்டுவதுபோல மெல்ல வாசித்தார். பிறகு தானாகவே சுவர்ப் பக்கம் போனார். நிமிராத விரல்களில் ஒன்றைச் சுவிச்சில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சேரும், போடலாமோ?"

நான் உடனே ஓம் என்று சொல்லவில்லை. "பொறுங்கோ" என்றேன். போன வருடம் சொல்ல வெட்கப்பட்ட சொல். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, பிளக்கைக் கழற்றி மீற்றரால் பார்த்தேன், ஏர்த்தைப் பார்த்தேன், வயரை நுனியிலிருந்து நுனி வரை தடவிப் பார்த்தேன், போய் மெயின் போர்ட்டையும் பார்த்துவிட்டு வந்து பிளக்கைத் திரும்பச் செருகினேன். அவர் விரலை எடுக்காமல் நின்றார்.

"ஓம். போடுங்கோ."

சிவப்பு லைற் எரிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பது இவ்வளவு பெரிய அதிசயம் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அவர் கதிரையை இழுத்துப் போட்டு, சோறு வேகும்வரை அதன் முன்னாலேயே இருந்தார்.

இனிக் கொப்பி வேண்டாம், மச்சாள். போனில் கோல் எடும். நீர் கத்தினாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. இன்றைக்குப் பின்னேரம் அக்கராயனில் ஒரு வீட்டு வேலை முடிந்து வரப் பொழுதுபட்டுவிட்டது. ஒழுங்கையில் திரும்பியதும் சைக்கிளை நிற்பாட்டிவிட்டேன். எங்கள் வீட்டு வாசல் லைற் எரிந்துகொண்டிருந்தது.

கிருசாந்தி